வெர்னாவின் அடுப்பும் ஹெஸ்டரின் மூக்கும்

ஸ்டிக்னி வீட்டுத் தபால் பெட்டி சாலை வளைவில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும். முப்பத்தோரு வருடம் அதில் தபால் போட்டவன் நான். செப்டம்பர் பிறந்துவிட்டால், கடிதம் போடுவதைவிடப் பெட்டிக்குள் இருப்பதை எடுப்பதில்தான் எனக்கு அவசரம். துணியில் சுற்றி ஏதாவது வைத்திருப்பாள் வெர்னா. ஒருநாள், நடுவைக் குடைந்து சர்க்கரையும் வெண்ணெயும் அடைத்து, மாவுக்குள் பொதிந்து சுட்ட முழு ஆப்பிள். இன்னொரு நாள் கிண்ணத்தில் சூடு ஆறாத ஆப்பிள் கிரிஸ்ப். தபால் தலை ஒட்டாத எதையும் பெட்டிக்குள் வைக்கக் கூடாது என்பது இலாகா விதி. அடுத்த வீடு வருவதற்குள் அந்த விதிமீறலை நான் சுத்தமாகச் சாப்பிட்டு முடித்துவிடுவேன்.

எங்கள் ஊர் பெல்டிங் ஹாலோ, வெர்மான்டில் மலைக்கும் ஏரிக்கும் நடுவே இருக்கிறது. இங்கே யாரும் வெறுங்கையோடு குளிர்காலத்துக்குள் போவதில்லை. அக்டோபர் முடிவதற்குள் விறகு அடுக்க வேண்டும், ஆப்பிளைப் பறித்துத் தீர்க்க வேண்டும். வெர்னாவின் கணவன் ஆல்டனுக்கு அறுபது ஆப்பிள் மரங்களும் இருபது பசுக்களும் இருந்தன. வெர்னா குள்ளமான உருவம். முழங்கைக்குக் கீழே மட்டும் ஒரு கொல்லனின் கை. ஆப்பிள் சீவ உட்கார்ந்தால் தோல் ஒரே நீளமாக, அறுபடாமல், மடியில் வந்து விழும்.

அவள் செய்ததில் எதுவும் பெரிய வித்தையில்லை. கிரிஸ்ப் என்றால் ஆப்பிளைத் தோல் சீவிக் கனமாக நறுக்கித் தட்டில் குவிப்பாள். ஓட்ஸ், மைதா, பழுப்புச் சர்க்கரை, கொஞ்சம் பட்டைத் தூள், ஒரு சிட்டிகை உப்பு. இவற்றைக் குளிர்ந்த வெண்ணெயோடு விரலால் பிசறி உதிரியாக மேலே தூவுவாள். அப்படியே ஓவனுக்குள் போகும். ஊரில் எல்லோரும் இதைத்தான் செய்தார்கள். ஆனால் வெர்னாவின் தட்டு மட்டும் ஒரு நிமிடம் முன்னும் இல்லாமல் ஒரு நிமிடம் பின்னும் இல்லாமல் வெளியே வரும். அவளுக்குக் கடிகாரம் கிடையாது. தட்டை உள்ளே வைத்துவிட்டுத் துணி காயப்போடப் போவாள். கொடியில் பாதித் துணி ஏறியிருக்கும்போது சட்டென்று நிற்பாள். முகத்தை வீட்டுப் பக்கம் திருப்புவாள். "ஆயிடுச்சு" என்று சொல்லிவிட்டு ஓடுவாள். காற்று எதிர்ப்பக்கம் அடித்தால்கூட அவளுக்குத் தெரிந்துவிடும்.

அக்டோபர் முதல் சனிக்கிழமை எங்கள் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் அறுவடை விருந்து நடக்கும். இருநூறு பேர் வருவார்கள். அன்றைக்குப் பதினான்கு பெரிய தட்டு கிரிஸ்ப் வெர்னாவின் பொறுப்பு. இருபது வருடமாக வேறு யாரும் அந்த வேலையைக் கேட்டதும் இல்லை, அவள் கொடுத்ததும் இல்லை.

அவளைக் குறை சொல்ல ஊரில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தாள். ஆல்டனின் அக்கா ஹெஸ்டர். நெட்டை உருவம், ஆண்கள் அணியும் மேல்கோட்டு, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பிக்குக் கல்யாணமானதும் பிறந்த வீட்டை அவனுக்கு விட்டுவிட்டு ஊருக்குள் குடிவந்தவள். ஊர் அலுவலகத்தில் எழுத்தர் வேலை. பிறப்பு, இறப்பு, நாய் லைசென்ஸ் எல்லாம் அவள் கையெழுத்து. அவளுக்குச் சமைக்கவே வராது. முட்டையை வேகவைக்கச் சொன்னால் பாத்திரத்தின் அடியைக் கருக்கிவிடுவாள். ஆனாலும் ஒவ்வொரு விருந்திலும் வெர்னாவின் கிரிஸ்ப்பை ஒரு கரண்டி வாயில் வைத்துவிட்டு, "இந்த வருஷமும் கனமாத்தான் நறுக்கியிருக்க" என்பாள். வெர்னா, "அடுத்த வருஷம் நீ வந்து நறுக்கிக் குடு" என்பாள். இருபத்திரண்டு வருடத்தில் இந்த நாத்தனாருக்கும் தம்பி மனைவிக்கும் நடுவே இதைத் தாண்டிய பேச்சு அதிகம் நடந்ததில்லை.

1966 பிப்ரவரியில் வெர்னா பால் வாளியோடு மாட்டுக் கொட்டகை வாசலில் உறைபனியில் சறுக்கி விழுந்தாள். பின்மண்டை கல்லில் பட்டது. மூன்று நாள் மருத்துவமனையில் வைத்திருந்தார்கள். எலும்பு முறிவு இல்லை, இரண்டு தையல்தான் என்று ஆல்டன் என்னிடம் சந்தோஷமாகச் சொன்னான். அவள் வீட்டுக்கு வந்த அன்று அவனே காபி போட்டுக் கொடுத்தான். அவள் குடித்துவிட்டு, "இது வெறும் வெந்நீர்" என்று நினைத்தாள். அவன் மனம் நோகக் கூடாதென்று சொல்லவில்லை. மறுநாள் அவளே போட்டாள். அதுவும் வெந்நீர்.

முதலில் சளி என்று நினைத்தாள். பிறகு வெங்காயம் நறுக்கினாள். கண்ணில் தண்ணீர் வந்தது, வாசனை வரவில்லை. கொட்டகைக்குப் போய் நின்றாள். பசுவின் கழுத்தில் முகம் வைத்தாள். சூடு தெரிந்தது, மயிர் குத்தியது, வேறொன்றும் இல்லை. ஏப்ரலில் துணி வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுத் தனியாக மருத்துவரிடம் போனாள். மூக்கிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பு அடியில் அறுந்திருக்கலாம் என்றார் அவர். வாசனை திரும்பி வந்தால் ஒரு வருடத்துக்குள் வர வேண்டும். அதற்குப் பிறகு எதிர்பார்க்காதே என்றும் சொன்னார்.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஆல்டனிடமும் இல்லை. ஏன் என்று பல வருடம் கழித்து நான் கேட்டேன்.

"சொன்னா என்ன ஆகும்? 'பாவம் வெர்னா'ம்பாங்க. அப்புறம் நான் வைக்கற ஒவ்வொரு தட்டையும் மோந்து பாத்துட்டுத்தான் கரண்டியை எடுப்பாங்க. நீயும்தான், லெஸ்டர். பெட்டியைத் தொறந்து முதல்ல மோந்து பாத்திருப்ப."

நான் மறுக்கவில்லை.

வாசனை போனால் ருசியும் கூடவே போய்விடுகிறது என்பது எனக்கு அவள் சொல்லித்தான் தெரியும். புளிப்பு, இனிப்பு, உப்பு, கசப்பு மட்டும் நாக்கில் நிற்குமாம். வாயில் போட்ட ஆப்பிள் புளிப்பாக, இனிப்பாக, ஈரமாக இருந்தது. ஆப்பிளாக இல்லை. அந்தக் கோடையில் அவள் மெலிந்துபோனாள்.

வீட்டில் வேறு குழப்பங்களும் நடந்தன. ஆல்டன் சாணி அப்பிய பூட்ஸோடு சமையலறைக்குள் வருவான். இருபது வருடமாக அந்த நாற்றத்துக்குத் தினமும் திட்டு வாங்கியவன். இப்போது நாற்காலியில் உட்கார்ந்து, கால் மேல் கால் போட்டு, வேண்டுமென்றே பூட்ஸை ஆட்டிக் காட்டினான். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவன் பயந்துவிட்டான். விழுந்ததிலிருந்து இவளுக்குத் தன்மேல் இருந்த ஏதோ ஒன்று விட்டுப்போய்விட்டது என்று முடிவு செய்துகொண்டான். அதை அவளிடம் கேட்கும் தைரியம் அவனுக்கு இல்லை. ஜூலையில் அவள் திரிந்த பாலை ஊற்றிக் காபி கொடுத்தபோது, சத்தம் காட்டாமல் குடித்தான். போதகர் ஒருநாள் வந்தார். அவரும் குடித்தார்.

ஆகஸ்டு கடைசியில் முதல் ஆப்பிள்கள் விழுந்தன. வெர்னா பழைய கணக்கிலேயே தட்டை ஓவனில் வைத்துவிட்டுத் துணி காயப்போடப் போனாள். கொடி நிறைந்தது. கூடை காலியானது. வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தபோது ஜன்னல் வழியே புகை வந்துகொண்டிருந்தது. அந்த வாரம் மூன்று தட்டு கருகியது. மூன்றையும் கொட்டகைக்குப் பின்னால் குழி தோண்டிப் புதைத்தாள், ஆல்டன் பார்க்காதபடி. தபால் பெட்டியில் எனக்கு ஒன்றும் வரவில்லை. போன வாரம் அவர்கள் பத்திரிகையை மழையில் நனைத்துவிட்டோமே, அந்தக் கோபமோ என்று நான் நினைத்துக்கொண்டேன்.

செப்டம்பர் இரண்டாவது வாரம், ஒரு சனிக்கிழமை காலை, ஹெஸ்டர் ஸ்டிக்னி வீட்டுக்கு வந்தாள். விருந்துக்கான பட்டியல் அவள் பொறுப்பு. ரொட்டிக்கு யார், உருளைக்கிழங்குக்கு யார் என்று எழுதிக்கொண்டு, கடைசியாக வெர்னாவின் பதினான்கு தட்டை உறுதி செய்ய வந்திருந்தாள். காலையில் குளிர் அடித்ததால் ஜன்னல்கள் எல்லாம் மூடியிருந்தன. வெர்னா அரை மணி நேரமாக மேசையில் உட்கார்ந்து ஆப்பிள் சீவிக்கொண்டிருந்தாள். பழக்கூடையை அடுப்பு ஓரமாக இழுத்து வைத்தபோது அதன் கைப்பிடி பட்டு கேஸ் அடுப்பின் ஒரு குமிழ் திரும்பிவிட்டது. அவளுக்குத் தெரியாது.

ஹெஸ்டர் கதவைத் திறந்தாள். அழுகின முட்டைக்கோஸ் நாற்றம் முகத்தில் அடித்தது. உள்ளே வெர்னா எழுந்து, ஓவனைப் பற்றவைக்கத் தீப்பெட்டியை எடுத்து, குச்சியைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பி, "வா ஹெஸ்டர், உக்காரு" என்றாள்.

ஹெஸ்டர் மூன்று எட்டில் சமையலறையைக் கடந்து தீப்பெட்டியைத் தட்டிவிட்டாள். குச்சிகள் தரையெங்கும் சிதறின. குமிழை மூடினாள். வெர்னாவின் இடுப்பில் கைபோட்டு, ஏறக்குறையத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். விறகுக் கட்டைமேல் அவளை உட்காரவைத்துவிட்டு உள்ளே மறுபடி ஓடி ஜன்னல்களைத் திறந்தாள். வெளியே வந்தபோது கோட்டுப் பொத்தான் ஒன்று அறுந்திருந்தது.

"உனக்குப் பைத்தியமா? வீடு முழுக்க கேஸு! செத்த எலி மாதிரி நாறுது! நீ பாட்டுக்கு உக்காரச் சொல்ற!"

வெர்னாவின் கையில் இன்னும் அந்தத் தீக்குச்சி இருந்தது. ஹெஸ்டர் அதை வாங்கிப் பக்கத்தில் வைத்தாள். நாய் லைசென்ஸ் கேட்டு வருபவர் எந்தக் கொட்டகையிலிருந்து வருகிறார் என்று தலை நிமிராமல், மூக்கை வைத்தே சொல்லக்கூடியவள் அவள். வெர்னாவின் முகத்தை நன்றாகப் பார்த்தாள்.

"உனக்குத் தெரியலை."

"தெரியலை."

"எவ்வளவு நாளா?"

"விழுந்ததுலேர்ந்து."

"ஆல்டனுக்கு?"

"தெரியாது. நீ சொல்லக் கூடாது."

ஹெஸ்டர் விறகுக் கட்டைமேல் பக்கத்தில் உட்கார்ந்தாள். கால் நடுக்கத்தை அடக்க அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள் என்று வெர்னா சொல்வாள். அப்படி எதுவும் இல்லை, குளிர்தான் என்று ஹெஸ்டர் சொல்வாள்.

"விருந்துப் பட்டியல்ல வேற யார் பேரையாவது போட்டுக்கோ," என்றாள் வெர்னா. "உடம்பு சரியில்லைன்னு சொல்லிடு."

"பொய் எழுதற பழக்கம் எனக்கு இல்லை."

"அப்ப என்ன பண்ணச் சொல்ற? மூணு தட்டைப் பொதைச்சிருக்கேன் அங்க. நாய் தோண்டிட்டா மானம் போயிடும்."

ஹெஸ்டர் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "எங்கிட்ட ஒண்ணு இருக்கு. அம்பத்து மூணு வயசாகுது, இதுவரைக்கும் யாருக்கும் பிரயோஜனம் இல்லை. சனிக்கிழமை சனிக்கிழமை வரேன். நீ செய். நான் மோந்து சொல்றேன்."

"நீயா? என் சமையல்கட்டுலயா?"

"வேண்டாம்னா சொல்லிடு. நாய் ஏற்கெனவே அந்தப் பக்கம்தான் போயிட்டிருக்கு."

அடுத்த வாரத்தில் தொடங்கியது. ஆல்டன் தோட்டத்தில் பறிப்பில் இருக்கும் நேரம் பார்த்து ஹெஸ்டர் வருவாள். கோட்டைக் கழற்றாமல் ஓவன் முன்னால் நாற்காலி போட்டு உட்காருவாள். முதல் நாள் சண்டையில் முடிந்தது.

"இப்ப என்ன வாசனை?"

"நல்ல வாசனை."

"நல்ல வாசனைன்னா?"

"நல்ல வாசனைன்னா நல்ல வாசனைதான். வேற என்ன சொல்ல? நான் என்ன பாட்டா எழுதறேன்?"

"வெண்ணெய் வாசம் முன்னாடி வருதா, ஆப்பிள் முன்னாடி வருதா?"

ஹெஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு குனிந்தாள். "வெண்ணெய்."

"அப்ப இன்னும் இருக்கு. உக்காரு."

"உக்காந்துதான் இருக்கேன்."

ஒரு வாசனையை இன்னொருவருக்குச் சொல்வது இவ்வளவு கடினம் என்று ஹெஸ்டர் நினைத்ததில்லை. ஆனால் பிறப்பு இறப்பு எழுதிய கை அல்லவா, வார்த்தையில் கறாராக இருக்கத் தெரியும். மூன்றாவது தட்டில் அவளுக்கே வழி பிடிபட்டது.

"இப்ப வெண்ணெய் பின்னாடி போயிடுச்சு. மழை விட்டு வெயில் அடிச்ச தோட்டம் மாதிரி."

"ஆப்பிள் தண்ணி விடுது. சரி."

"இப்ப மிட்டாய்க் கடை."

"சர்க்கரை உருகுது. இன்னும் கொஞ்சம்."

"மிட்டாய்க் கடைதான். ஆனா... பக்கத்துல யாரோ மரம் அறுக்கற மாதிரி."

"எடு! எடு!"

வெளியே வந்த தட்டு பொன்னிறமாக இருந்தது. ஓரத்தில் மட்டும் பாகு கொப்பளித்துக் கெட்டியாகியிருந்தது. ஹெஸ்டர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். தன்னால் ஒரு நல்ல சமையல் வெளிவந்தது அதுதான் முதல்முறை என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

வெர்னாவும் சும்மா இருக்கவில்லை. ஹெஸ்டர் மோப்பம் பிடிக்கும்போது அவள் காதைக் கொடுத்தாள். ஆப்பிள் சாறு முதலில் மெல்லிசாக, வேகமாகக் கொதிக்கும். பாகாகும்போது சத்தம் தடித்து, மெதுவாகும். ஹெஸ்டர் "மரம்" என்று சொல்வதற்குச் சற்று முன்னால் குமிழிகள் ஒன்றுவிட்டு ஒன்றாக, சோம்பலாக உடைந்தன. வாய்க்கு ருசி இல்லாததால் பல்லுக்கு ருசி தேடினாள். வெந்தால் கரைந்துபோகும் மெக்கின்டாஷோடு, வெந்தும் உருக்குலையாத நார்தர்ன் ஸ்பை ஆப்பிளைக் கலந்தாள். ஓட்ஸைக் கூட்டினாள். ஒரு வாய் எடுத்தால் அடியில் குழைவு, நடுவில் கடி, மேலே நொறுங்கல். அவளால் தெரிந்துகொள்ள முடிந்ததெல்லாம் அவ்வளவுதான். அதை ஒழுங்காகச் செய்தாள். அந்த மாதக் கடைசியில் தபால் பெட்டியில் எனக்கு ஒரு கிண்ணம் இருந்தது. முன்பைவிட நன்றாக இருக்கிறதே என்று நினைத்தேன். ஏன் என்று தெரியவில்லை.

விருந்து நாள் வந்தது. மதியத்திலிருந்து தேவாலயக் கீழ்த்தளத்தில் ஒரே புழுக்கம். வெர்னா பெரிய கிண்ணத்தில் உதிரி பிசறிக்கொண்டிருந்தாள். உருளைக்கிழங்கு மசிக்கும் வேலையில் இரண்டு பெண்கள், ஐடா புரோக்டரும் அவள் மருமகளும். ஹெஸ்டர் மேலே நாற்காலிகளை எண்ணப் போயிருந்தாள். ஒன்பது தட்டு முடிந்த நிலையில் வெர்னா கொண்டுவந்த பட்டைத் தூள் தீர்ந்துவிட்டது. தேவாலய அலமாரியில் பட்டை என்று எழுதிய பழைய தகர டப்பா இருந்தது. பழுப்புத் தூள். எடுத்துத் தாராளமாகப் போட்டாள்.

ஹெஸ்டர் படியில் இறங்கி வந்தாள். நாலாவது படியில் நின்றாள்.

"இங்க யாருக்குப் பல்வலி?"

வெர்னா நிமிர்ந்தாள். ஹெஸ்டர் நேராக வந்து கிண்ணத்தின்மேல் குனிந்தாள். "இது பட்டை இல்லை. கிராம்பு."

ஐடா புரோக்டர் மத்தை வைத்துவிட்டு வந்து எட்டிப் பார்த்தாள். அவளுக்கும் இப்போது வாசனை எட்டியது. "ஐயையோ! ஒரு கையளவு இருக்கும் போலிருக்கே. வெர்னா, உனக்கு எப்படித் தெரியாமப் போச்சு?"

வெர்னாவின் முகம் வெளுத்துவிட்டது. அவள் வாயைத் திறப்பதற்குள் ஹெஸ்டர், "நான்தான் மேல போறதுக்கு முன்னாடி டப்பாவை எடுத்துக் குடுத்தேன். என் தப்பு," என்றாள்.

இருபத்தைந்து வருடம் ஊர் அலுவலகத்தில் இருந்தவள். ஒரு எழுத்துப்பிழையைக்கூடத் தன்னுடையது என்று ஒப்புக்கொண்டதில்லை. ஐடாவுக்கு இது கிறிஸ்துமஸ் முன்கூட்டியே வந்தது போல.

"அப்படிச் சொல்லு! உன்னை சமையல்கட்டுக்குள்ள விட்டதே தப்பு ஹெஸ்டர். கேட்டியாம்மா, இவங்க ஒருதரம் சூப்ல சோப்பு போட்டாங்க. சத்தியமா!"

மருமகள் சிரித்தாள். ஹெஸ்டருக்குக் காதோரம் மட்டும் சிவந்தது. வெர்னாவால் அதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

"நிறுத்து ஐடா. அவ எடுத்துக் குடுக்கலை. நான்தான் எடுத்தேன். எனக்கு வாசனையே தெரியாது. பிப்ரவரியில விழுந்தேனே, அன்னிலேர்ந்து ஒண்ணுமே தெரியாது. ஹெஸ்டர் மூக்கை வச்சுத்தான் ஒரு மாசமா செய்யறேன். இல்லைன்னா இந்த ஒம்பது தட்டும் கரியாயிருக்கும்."

மசித்த உருளைக்கிழங்கிலிருந்து ஆவி மட்டும் எழும்பிக்கொண்டிருந்தது. படிக்கட்டுப் பக்கம் ஏதோ டொக்கென்று தரையில் இறங்கியது. எல்லோரும் திரும்பினார்கள். ஆப்பிள் சாற்றுக் கேனை இறக்கி வைத்துவிட்டு ஆல்டன் நின்றிருந்தான்.

"அதனாலதான் பூட்ஸுக்குத் திட்டலையா?" என்றான்.

"என்ன பூட்ஸு?"

"சாணி பூட்ஸு. எட்டு மாசமா போட்டுட்டு வரேன் உள்ள. நீ ஒரு வார்த்தை சொல்லலை. நான் என்னென்னவோ நெனச்சிட்டேன், வெர்னா."

"எட்டு மாசமா? என் தரையிலயா?"

"தினமும்."

"ஆல்டன் ஸ்டிக்னி, வீட்டுக்கு வா, பேசிக்கறேன்!"

அந்த மனிதன் முகத்தில் அப்போது வந்த சிரிப்பை நான் பார்த்தேன். சாற்றுக் கேனின் மறுபக்கத்தைப் பிடித்திருந்தவன் நான்தான். பிறகு அவன் சற்று யோசித்துவிட்டு, "அப்ப அந்தப் பால்..." என்றான்.

"எந்தப் பால்?"

"ஒண்ணுமில்லை."

வேலை காத்திருந்தது. கிராம்பு கலந்த உதிரியைக் கொட்டினால் வேறு செய்ய வெண்ணெய் இல்லை. வெர்னா அதை ஐந்து பங்காக்கினாள். மிச்சமிருந்த ஓட்ஸையும் மைதாவையும் சர்க்கரையையும் போட்டு அளவைப் பெருக்கினாள். ஹெஸ்டர் மோந்து பார்த்து, "இன்னும் பல்வைத்தியர் வீடுதான். இன்னும் ஓட்ஸ் போடு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ஐடா தானாக வந்து ஆப்பிள் நறுக்க ஆரம்பித்தாள். சூப்பில் சோப்புப் போட்ட கதையைத் திரும்ப எடுக்கவில்லை.

அந்த ஐந்து தட்டும் சுமாராகத்தான் இருந்தன, அதை மறைத்துச் சொல்வதற்கில்லை. சிலர் பாதியிலேயே வைத்துவிட்டார்கள். கிழவர் அமோஸ் மட்டும் இரண்டாம் முறை வாங்கிக்கொண்டு, ஒரு வாரமாக இருந்த ஈறு வலி குறைந்துவிட்டது என்றார். மற்ற ஒன்பது தட்டும் வழித்துத் துடைத்தாயிற்று. போதகர் வெர்னாவிடம் வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"உங்க வீட்டுல அன்னிக்குக் குடிச்ச காபி... இப்பத்தான் புரியுது."

"ஐயா! கெட்டுப்போயிருந்துச்சா? ஏன் சொல்லலை?"

"ரொம்ப அன்பா ஊத்திக் குடுத்தீங்க. அப்புறம் நானும் போதகர்."

ஊர் அதை எப்படி எடுத்துக்கொண்டது என்றால், அவள் பயந்ததுபோல் கொஞ்சம் நடந்தது. சிலர் தட்டை மோந்து பார்த்தார்கள். சிலர் "பாவம்" என்றார்கள். ஒரு குளிர்காலம் பேசினார்கள், பிறகு பேச வேறு விஷயம் கிடைத்தது.

பிப்ரவரி வந்தது. மருத்துவர் சொன்ன ஒரு வருடம் முடிந்த நாளன்று வெர்னா காலையில் காபிப் பொடி டப்பாவைத் திறந்து முகத்தை உள்ளே வைத்தாள். அன்றுதான் அழுதாளாம். "பன்னெண்டு மாசம் காத்திருந்தேன்ல, அதான்," என்றாள் என்னிடம். ஆல்டன் பால் கறந்துவிட்டு வந்தவன் வாசலிலேயே நின்றான். பூட்ஸைக் கழற்றினான். வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். அவன் பேச்சுக்காரன் இல்லை. ஆனாலும், "வெளியில பனி விழப்போற வாசனை. இரும்பு மாதிரி," என்றான். மறுநாள் கொட்டகையிலிருந்து வந்ததும், "இன்னிக்கு வைக்கோல் இனிப்பா இருக்கு," என்றான். அதன் பிறகு தினமும் ஒன்று சொன்னான். சிலநாள் ஒரே வார்த்தைதான். ஒன்பது வருடம் கழித்து அவன் போய்ச்சேரும் வரை சொன்னான்.

ஹெஸ்டர் ஆப்பிள் காலத்தில் எல்லாச் சனிக்கிழமையும் வந்தாள். கோட்டைக் கழற்றப் பழகிக்கொண்டாள். கனமாக நறுக்குவதைப் பற்றிய சண்டை தொடர்ந்தது, கூடுதலாக உருளைக்கிழங்கு மாவு, ஜன்னல், வானொலி என்று பலவும் சேர்ந்துகொண்டன. விருந்துப் பட்டியலில் கிரிஸ்ப் என்ற இடத்தில் தன் கையால் இரண்டு பெயரை எழுதினாள். தன் பெயரை இரண்டாவதாக. ஆல்டன் இறந்த பிறகு பசுக்களை விற்றுவிட்டு, தோட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள். ஹெஸ்டர் ஊருக்குள் இருந்த வீட்டைக் காலி செய்துவிட்டுத் தான் பிறந்த வீட்டுக்கே திரும்பினாள், மாடியில் வடக்குப் பக்க அறை.

1978 அக்டோபரில், விருந்துக்கு மூன்று நாள் இருக்கும்போது வெர்னாவுக்கு நுரையீரல் காய்ச்சல். எழுந்து உட்காரவே முடியவில்லை. ஐடா புரோக்டர் உதவிக்கு வரட்டுமா என்று கேட்டாள். ஹெஸ்டர் வேண்டாம் என்றுவிட்டாள். அறுபத்தைந்து வயது நெட்டை மனுஷி, அந்தச் சனிக்கிழமை விடியலிலிருந்து தனியாக ஆப்பிள் நறுக்கினாள், மாவு பிசறினாள், தட்டுகளை என் வண்டியில்தான் ஏற்றினோம். பதினான்கும் கருகாமல் வந்தன. பரிமாறும்போது அவள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துக்கொண்டு நின்றதில் தான் சாப்பிட மறந்துவிட்டாள்.

சாயங்காலம் ஒரு கிண்ணத்தை மூடி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனோம். வெர்னா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தாள். ஹெஸ்டர் கட்டில் ஓரத்தில் நின்றாள். வெர்னா ஒரு கரண்டி எடுத்து மென்றாள். மெதுவாக, நாக்கை அண்ணத்தில் தட்டி, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

"உப்பு போடலை நீ."

"போட்டேன்."

"போடலை, ஹெஸ்டர். எனக்குத் தெரியற நாலுல அது ஒண்ணு."

ஹெஸ்டர் கிண்ணத்திலிருந்து ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தாள். அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். "இருநூறு பேர் சாப்பிட்டாங்க. ஒருத்தர்கூடச் சொல்லலை."

"உன்கிட்ட யார் சொல்லுவா?" என்றாள் வெர்னா. கரண்டியை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, கிண்ணத்தை மடியில் வைத்து, அடி தெரியும் வரை சாப்பிட்டாள்.